ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது

தமிழ்ல எனக்குப் பிடிக்காத வார்த்தை ஒண்ணு உண்டுன்னா அது 'ஏகமனதாக'.

எங்க ஊர்ல ஒரு வரப்பு விஷயத்துல அண்ணனும் தம்பியும் ஏகமனதா இருந்து நான் பார்த்ததில்லை. திருவிழாவுக்குக் கரகாட்டமா ஆர்கெஸ்ட்ராவான்னு ஏகமனதா முடிவு பண்ண முடியறதில்லை. ஆனா எங்க பேரூராட்சி மன்றத்துல பதினஞ்சு பேர் உட்கார்ந்து, முப்பது நாற்பது விஷயத்தை இருபது நிமிஷத்துல ஏகமனதா முடிச்சுட்டு, டீயும் போண்டாவும் சாப்பிட்டுட்டுக் கலைஞ்சு போயிடறாங்க. இவ்வளவு ஒத்துமை எங்க இருந்து வந்துச்சு? யாரும் படிக்கலைங்கறதுதான் அந்த ஒத்துமை.

மணிலா விலை, மாடு, மழைன்னு எழுதிட்டு இருக்கறவன் திடீர்னு மன்றக் கூட்டத்துக்கு ஏன் போனான்னு சென்னையிலயும் பெங்களூர்லயும் உட்கார்ந்து படிக்கிற நீங்க கேட்கலாம். என் வயல்ல பாயற தண்ணி எப்படி இருக்கணும், என் கத்திரிக்காய்க்கு சந்தையில எவ்வளவு சுங்கம் கட்டணும்னு ரெண்டையும் முடிவு பண்றது அந்த ஹால்தான். அதனால போனேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. கடைசி வரிசையில ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து பார்த்ததை வெச்சுத்தான் இதை எழுதறேன்.

முதல்ல பேரூராட்சின்னா என்னன்னு சொல்லிடறேன். நிறைய பேருக்கு மாநகராட்சி தெரியும், கிராமப் பஞ்சாயத்து தெரியும். நடுவுல நாங்க இருக்கறது தெரியாது. தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட 490 பேரூராட்சிகள் இருக்கு. பஸ் ஸ்டாண்டு, ரெண்டு மூணு வங்கி, ஒரு வாரச்சந்தை, நாலு தெரு கடைவீதி. அதைத் தாண்டினா ஏரியும் நெல் வயலும்தான். 2004ல் பெரும்பாலான பேரூராட்சிகளை 'சிறப்பு கிராம ஊராட்சி'ன்னு மாத்தினாங்க. 2006ல் மறுபடியும் பேரூராட்சின்னு மாத்தினாங்க. பெயர்ப் பலகைக்காரருக்கு ரெண்டு தடவை வேலை கிடைச்சுது. நாங்க அதே மாட்டை ஓட்டிக்கிட்டு அதே வயலுக்குப் போனோம்.

ஆனா பெயர்ல ஒரு விஷயம் இருக்கு. எங்க வயலுக்கு அடுத்த வரப்பு கிராம ஊராட்சி. அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஊரக வேலை உறுதித் திட்டம் உண்டு. இந்தப் பக்கம் களை எடுத்தே காலம் தள்ளற அம்மாவுக்குக் கிடையாது, ஏன்னா அவங்க சட்டப்படி 'நகர்ப்புற' வாசி. அந்தப் பக்கம் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை. எப்படி நடக்குதுங்கறது வேற கதை. ஆனா எழுந்து நின்னு கேட்க ஒரு மரத்தடி இருக்கு. எங்களுக்கு அந்த மரத்தடி இல்லை. நகர்ப்புறத்துக்குன்னு 'பகுதி சபை'ன்னு ஒண்ணைக் கொண்டுவந்து 2022 நவம்பர் 1ஆம் தேதி நடத்தினாங்க. உங்க தெருவுல அதுக்கு எத்தனை பேர் போனாங்கன்னு நீங்களே பக்கத்து வீட்டுல கேட்டுப் பாருங்க.

ஆக, எங்களுக்கு மிச்சம் இருக்கறது மாசம் ஒரு தடவை கூடற மன்றக் கூட்டம். அங்க என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

பொருள் நிரல்னு ஒரு தாள் கட்டு வரும். அஜெண்டான்னாதான் எல்லாருக்கும் புரியும். அதுல இருக்கறது எல்லாம் சாதாரண அலுவல்தான். போன மாச வரவு செலவு. பிளீச்சிங் பவுடர் வாங்கினது. தெருவிளக்கு உதிரி பாகம். குடிநீர் மோட்டார் பழுது. குப்பை வண்டி டயர். வாரச்சந்தை ஏலம். ரெண்டு மூணு வடிகால், நாலு சிமென்ட் ரோடு. ஒவ்வொண்ணுக்கும் கீழ 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது'ன்னு ஒரு வரி. அலுவலகத்துல ஒருத்தர் எழுந்து பொருள் எண்ணை மட்டும் படிப்பார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." அஞ்சாவது போகும்போது பின்னாடி இருந்து ஒரு குரல் வரும்: "எல்லாம் ஆல் பாஸ்ங்க, கையெழுத்துப் போட்டுடலாம்." அவ்வளவுதான், சபை முடிஞ்சுது.

இந்த சாதாரண அலுவல்ல இருந்து மூணே மூணு வரியை எடுத்து விரிச்சுக் காட்டறேன்.

முதல் வரி, மோட்டார். 'ஆழ்துளைக் கிணற்று மின்மோட்டார் பழுதடைந்ததால், அவசர அவசியம் கருதி, மன்ற அனுமதியை எதிர்நோக்கி மேற்கொள்ளப்பட்ட பணிக்கான செலவினத்துக்குப் பின்னேற்பு வழங்க.' பின்னேற்புன்னா முதல்ல செலவு, அப்புறம் அனுமதி. தப்பு இல்லை. குடிதண்ணி மோட்டார் எரிஞ்சா அடுத்த மாசக் கூட்டம் வரைக்கும் மக்கள் குடத்தோட நிக்க முடியாது. ஆனா என் கிணத்து மோட்டார்ல காயில் எரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்? ஒரு தடவை காயில் கட்டுவேன். ரெண்டாவது தடவை எரிஞ்சா, ஏன் எரியுதுன்னு பார்ப்பேன். வோல்டேஜ் கம்மியா? ஒரு பேஸ் போயிடுச்சா? போர்ல தண்ணி இறங்கி, மோட்டார் வெறும்ன ஓடுதா? ஆயிரம் ரெண்டாயிரம் செலவு பண்ணி ஸ்டார்ட்டர்ல ஒரு பாதுகாப்பு மாட்டினா அடுத்த எரிச்சல் நிக்கும். வயல்ல இருக்கற எவனுக்கும் தெரிஞ்ச கணக்கு இது.

மன்றத்துல இந்தக் கேள்விக்கே வழி இல்லை. ஏன்னா ஒவ்வொரு மாசமும் அந்த மோட்டார் புதுசாப் பிறந்த குழந்தை மாதிரி அஜெண்டாவுல வந்து நிக்கும். போன தடவை எப்ப எரிஞ்சுது, அதுக்கு எவ்வளவு ஆச்சு, யார் கட்டினாங்க? ஒரு வரி இருக்காது. பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாத்தான் தெரியும், புரட்ட யாருக்கும் நேரமில்லை. இதுல திருட்டு நடக்குதுன்னு நான் சொல்லலை. திருட்டு நடந்தாலும் நடக்காட்டியும் அந்தத் தாள் ஒரே மாதிரிதான் இருக்கும்னு சொல்றேன். அது போதாதா பயப்பட?

ரெண்டாவது வரிதான் என் வயித்தெரிச்சல். 'வார்டு எண் இத்தனையில், இன்னார் வீடு முதல் இன்னார் வீடு வரை மழைநீர் வடிகால் அமைத்தல்.'

நல்லாப் படிங்க. எங்க ஆரம்பிக்குதுன்னு இருக்கு. எந்த வீடு வரைக்கும்னு இருக்கு. அந்த வீட்டைத் தாண்டின பிறகு தண்ணி எங்க போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் எந்த அஜெண்டாவுலயும் நான் பார்த்ததில்லை. அம்பது மீட்டர், எழுபது மீட்டர்னு துண்டு துண்டா வரும். ஒவ்வொரு துண்டும் ஒரு தெருக்காரங்களுக்கு நல்லதுதான். வாசல்ல சாக்கடை தேங்காது, கொசு குறையும், கவுன்சிலருக்கும் பேர். யார் எதிர்ப்பாங்க? ஏகமனதாக.

ஆனா தண்ணிக்குத் தீர்மானம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். இந்த ஊர்ல எல்லாப் பள்ளமும் ஏரிக்குப் போற வரத்து வாய்க்கால்லதான் முடியும். நம்ம பெரியவங்க அப்படித்தான் ஊரைக் கட்டினாங்க. மழைத் தண்ணி ஊரைச் சுத்தி ஏரிக்கு வரணும், ஏரியில இருந்து மதகு வழியா ஆயக்கட்டுக்குப் போகணும். இப்ப அதே பாதையில என்ன வருதுன்னு வந்து பாருங்க. பெயர் என்னவோ மழைநீர் வடிகால். சித்திரை மாசம், மூணு மாசமா ஒரு சொட்டு மழை இல்லாதப்பவும் அது ஓடிக்கிட்டே இருக்கு. குளிச்ச தண்ணி, துணி துவைச்ச தண்ணி, ஹோட்டல் எண்ணெய், செப்டிக் டேங்க் நிரம்பி வழியறது எல்லாம் சேர்ந்து வருது. எங்க மாதிரி ஊர்கள்ல பெரும்பாலும் பாதாளச் சாக்கடை கிடையாது. அதனால வடிகால்தான் சாக்கடை.

விளைவு என்னன்னு விவசாயியா சொல்றேன். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. அந்தத் தண்ணி பாயற வயல்ல நெல்லு கருகருன்னு, பார்க்கவே ஆசையா வளரும். உரமே போட வேண்டாம்னு நீங்க நினைப்பீங்க. தழைச்சத்து அளவுக்கு மீறிப் போனா பயிர் இலையாத்தான் போகும். குலைநோய் வரும், பூச்சி வரும். கதிர் வாங்கற நேரத்துல ஒரு காத்து அடிச்சா மொத்தமா சாஞ்சிடும். அறுவடை மெஷின்காரர் சாஞ்ச வயலைப் பார்த்துட்டு மணிக்கணக்கைக் கூட்டிச் சொல்லுவார். நடவுக்கு வர்ற பொம்பளைங்க, "உங்க ஏரிக் கழனின்னா வேண்டாம்ணா, இறங்கினா ரெண்டு நாளைக்கு காலெல்லாம் அரிப்பு"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியுமா?

இதுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வடிகால் மதிப்பீட்டுலயும் 'இந்தத் தண்ணி சேரும் இடம்'னு ஒரு வரி எழுதணும். தெருக்கள்ல முடிஞ்ச இடத்துல உறிஞ்சுகுழி போடணும். வாய்க்கால்ல கலக்கறதுக்கு முன்னாடி ஒரு தொட்டி கட்டி, கசடு கீழ தங்க விட்டு, கல் மணல் போட்டு, கல்வாழை நட்டு வடிகட்டி விடணும். நாலு வடிகால் போடற காசுல ஒரு வடிகாலைக் குறைச்சா இதை ஆரம்பிச்சுடலாம். இதை நான் கடைசி வரிசையில இருந்து எழுந்து கேட்டேன். "இது அஜெண்டாவுல இல்லைங்களே"ன்னு பதில் வந்துச்சு. அதைத்தானே நானும் கேட்டேன், ஏன் அஜெண்டாவுல இல்லைன்னு!

மூணாவது வரி, வாரச்சந்தை. 'சுங்கம் வசூல் செய்யும் உரிமத்துக்கான ஏலத்தில் அதிகபட்சத் தொகை கோரியவருக்கு அங்கீகாரம் வழங்க.' இங்க மட்டும் மன்றத்துல ஒரு சந்தோஷம் தெரியும். போன ஏலத்தைவிடத் தொகை கூடியிருக்கே, பேரூராட்சிக்கு வருமானமாச்சேன்னு. அந்தக் கூடுதல் தொகையை ஏலம் எடுத்தவர் தன் வீட்டு நகையை வித்தா கட்டப் போறார்? எங்க கூடையில இருந்துதான் எடுப்பார். கூடைக்கு எவ்வளவு, மூட்டைக்கு எவ்வளவு, தரைக்கடைக்கு எவ்வளவுன்னு கட்டணம் நிர்ணயிச்சிருக்கு. அந்தப் பலகை சந்தை வாசல்ல இருக்கணும். எங்க சந்தையில பலகை இருந்த கம்பி மட்டும் இருக்கு. வசூல் பண்ற தம்பி சொல்றதுதான் விலை. ரசீது கேட்டா, "ஏன் பெருசு, பத்து ரூபாய்க்கு வருமான வரி கட்டப் போறீங்களா"ன்னு கிண்டல். ரெண்டு கட்டுக் கீரையோட வந்து உட்கார்ற பாட்டிகிட்டயும் அதே வசூல்.

ஏலத் தொகையைக் கொண்டாடற மன்றம், ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம்: பலகை இல்லாட்டி, ரசீது இல்லாட்டி உரிமம் ரத்து. அரை நிமிஷ வேலை. ஆனா அரை நிமிஷம் பேசினா ஆல் பாஸ் ஆகாதே.

கவுன்சிலர்கள் எல்லாரும் கெட்டவங்கன்னு சொல்ல வரலை. எங்க ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸுக்குக் கூட வர்றவர் ஒரு கவுன்சிலர்தான். பேரூராட்சி உறுப்பினருக்கு 2023ல் இருந்துதான் மாசம் 2,500 ரூபாய் மதிப்பூதியம். அதுக்காக யாரும் தேர்தல்ல நிக்கறதில்லைன்னு உங்களுக்கே தெரியும். தலைவரை மக்கள் நேரா தேர்ந்தெடுக்கறதில்லை, உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கறாங்க. கட்சிக்காரர் தலைவரா இருந்தா எதிர்த்துக் கேட்கறது கட்சிக்கு எதிரா கேட்ட மாதிரி ஆயிடுது. எதிர்த்தா நம்ம வார்டு ரோடு போயிடுமோன்னு பயம் வேற. பாதி இடம் பெண்களுக்குன்னு சட்டம் வந்தது பெரிய விஷயம். ஆனா பல ஊர்ல கூட்டத்துக்கு அந்தம்மா வருவாங்க, பேச்சு வாசல்ல நிக்கற வீட்டுக்காரர்கிட்ட நடக்கும். எங்க மன்றத்துல ஒரு அம்மா, நடவு வேலைக்குப் போறவங்க, தாளை விரல் வெச்சு வரி வரியாப் படிச்சுட்டு, "இந்த ரோடு ரெண்டு வருஷம் முன்னாடிதானே போட்டோம்?"னு கேட்டாங்க. ஹால்ல ஒரே சிரிப்பு. அந்தம்மாவைப் பார்த்துச் சிரிச்சவங்க எல்லாரும் அந்த ரோட்டுலதான் வீட்டுக்குப் போனாங்க.

இங்க ஒரு வாதம் வரும். "சண்டை இல்லாம நடந்தா நல்லதுதானே? நாற்காலி வீசறதை விட ஏகமனது மேல்தானே?" பல பேர் என்கிட்ட சொல்லியிருக்காங்க. நாற்காலி வீசறதும் ஆல் பாஸ் போடறதும் ஒண்ணுதான்னு நான் சொல்வேன். ரெண்டுலயும் தாளை யாரும் படிக்கறதில்லை. எனக்கு வேணுங்கறது நடுவுல இருக்கற ஒண்ணு: "இது எதுக்கு, இது எவ்வளவு, போன தடவை என்ன ஆச்சு?"ன்னு உட்கார்ந்து கேட்கறது. மாடு வாங்கப் போனாக்கூட பல்லைப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கறோம்.

இன்னொரு வாதம்: "அதிகாரம் எல்லாம் செயல் அலுவலர்கிட்டயும் மேல இருக்கறவங்ககிட்டயும்தான் இருக்கு, மன்றம் சும்மா ரப்பர் ஸ்டாம்ப்." பாதி உண்மை. பெரிய நிதி, பெரிய திட்டம் எல்லாம் மேல இருந்துதான் வருது. அதுக்காக ஸ்டாம்ப்பைத் தூக்கி மேசை மேல வெச்சுட்டுப் போயிடறதா? 1993ல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்குன்னு 18 வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கு. குடிநீர், சுகாதாரம், குப்பை, தெருவிளக்கு, சுடுகாடு, மாட்டுப்பட்டி, ஆட்டுத்தொட்டி வரைக்கும். நாட்டோட அரசியல் சட்டத்துலயே இடம் பிடிச்ச விஷயம்தான் இந்த அஜெண்டா. நாம அதை 'சாதாரண அலுவல்'னு சொல்லி ஒதுக்கறோம்.

இப்ப நகரத்துல இருக்கற உங்ககிட்ட ரெண்டு வார்த்தை. கோபப்படாதீங்க.

2016 அக்டோபர்ல இருந்து 2022 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டு நகர்ப்புறத்துல தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தான் கையெழுத்துப் போட்டாங்க. சென்னையிலயும் இல்லை, எங்க ஊர்லயும் இல்லை. சட்டமன்றம் அஞ்சு வருஷம் இல்லைன்னா நாடே கொந்தளிச்சிருக்கும். மன்றம் இல்லாததை எத்தனை பேர் கவனிச்சீங்க? மன்றம் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு நாம பழகிட்டோம். அந்தப் பழக்கத்துக்கு எழுத்துல வெச்ச பேர்தான் 'ஏகமனதாக'.

ஜனநாயகம்னு பேச்சு வந்தா உடனே உத்திரமேரூர் கல்வெட்டு போட்டோவை எடுத்துப் போடறீங்க. பராந்தக சோழன் காலம், ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, குடவோலைன்னு பெருமை. அந்த சபையில எல்லாருக்கும் இடம் இல்லை, அது பிராமணர் ஊரோட சபை, அது தனி விஷயம். ஆனா அந்தக் கல்வெட்டுல இருக்கற ஒரு விதியைப் பத்தி யாரும் பேசறதில்லை. வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவனும், அவனோட நெருங்கின சொந்தக்காரங்களும் குடவோலைக்கே தகுதி இல்லை. குடத்தைப் பிடிச்சுக்கிட்டோம், கணக்கை விட்டுட்டோம்.

நான் கேட்கறது நாலே விஷயம். கூட்டத்துக்கு மூணு நாள் முன்னாடி அஜெண்டாவை அலுவலக வாசல்லயும், பஸ் ஸ்டாண்டுலயும், ஊர் வாட்ஸ்அப் குரூப்லயும் போடணும். ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்துல, இதே வேலைக்குப் போன தடவை எப்ப, எவ்வளவு ஆச்சுன்னு ஒரு வரி இருக்கணும். ஒவ்வொரு வடிகாலுக்கும் தண்ணி சேரும் இடம் எழுதணும். தீர்மானத்துல யார் என்ன கேட்டாங்க, என்ன பதில் வந்துச்சுன்னு பதியணும். இதுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு ஜெராக்ஸ் மெஷின் போதும்.

நீங்க செய்யக்கூடியதும் உண்டு. உங்கள்ல பாதிப் பேருக்கு சொந்த ஊர் இப்படி ஒரு பேரூராட்சிதான். அங்க ஒரு வீடு இருக்கும், வரி கட்டறீங்க, பொங்கலுக்கு வந்து ஏரியை போட்டோ எடுத்து "எப்படி இருந்த ஏரி"ன்னு வருத்தப்படறீங்க. அந்த வருத்தத்தை ஒரு தாள்ல எழுதுங்க. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, 'போன ஒரு வருஷத்து மன்றத் தீர்மானங்களின் நகல் வேண்டும்'னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 30 நாள்ல பதில் சொல்லணும். உள்ளூர்ல நான் கேட்டா அடுத்த வாரம் என் வீட்டுக் குழாய்ல தண்ணி வருமான்னு நான் யோசிக்கணும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வெளியூர்ல இருக்கறதோட ஒரே லாபம் அதுதான், அதையாவது பயன்படுத்துங்க.

வந்த நகல்ல உங்க தெரு வடிகால் இருக்கான்னு தேடுங்க. இருந்தா, அந்தத் தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு அடுத்த கடுதாசியில கேளுங்க. பதில் வர நாளாகும். அதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்னா எங்க ஏரிக் கழனிக்கு வந்து பாருங்க. செருப்பைக் கழட்டிட்டு மட்டும் இறங்காதீங்க.